ஆடுகளுக்குக் கார்டு கிடையாது

“ஏனுங்க மேடம், நீங்களும் வக்கீல் சாரும் ஒண்ணுங்களா?”

போன வருடம் ஒரு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில், வழக்குகளைப் பேசித் தீர்க்கும் லோக் அதாலத் நடந்த நாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்த என்னிடம் ஓர் அம்மா இப்படிக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. எங்கள் கோயமுத்தூர்ப் பேச்சில் இருக்கும் மரியாதை ஒரு சொல்லில்கூடக் குறையவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் விபத்து கிளைம் பார்க்கிறேன். பத்தொன்பது வருடமாக இதே வேலை. வண்டி மோதி ஒருவர் இறந்தால் வீட்டார் இழப்பீடு கேட்டு மனுப் போடுவார்கள். அந்தத் தொகையைக் கூட்டுவது அவர்களுடைய வக்கீலின் வேலை, குறைப்பது என் வேலை. அந்த அம்மாவின் வக்கீலும் நானும் எதிரெதிரே உட்காராத மாதம் கிடையாது. அன்று காலையிலும் அந்த அம்மாவின் கண் முன்னால்தான் சத்தம் போட்டுக்கொண்டோம். அவர் ஃபைலை மேசையில் போட்டார். சம்பளச் சான்றிதழ் வழக்குக்காக வாங்கியது மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். ஒரு மணி ஆனதும், “வாங்க மேடம், சாப்பிட்டுருவோம்” என்றார். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் வீட்டுக் கொள்ளு ரசத்தை எனக்கு ஊற்றினார், என் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவருக்கு வைத்தேன். அவருடைய பெண்ணின் காலேஜ் அட்மிஷன் கதையைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த அம்மா எதிர் வராந்தாவில், தூணில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இல்லைங்கம்மா. அவரு உங்க பக்கம், நான் கம்பெனி பக்கம். வேலை வேற, பழக்கம் வேற” என்றேன். “அப்படிங்களா” என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தூணருகே போய்விட்டார்.

இதே பதிலை இதற்கு முன்னால் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சரியான பதில்தான், நான் மனதார நம்பிய பதில்தான். அன்றைக்கு மட்டும் சொன்ன பிறகு அது எனக்குள் சரியாக உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் உறுத்தியது. அடுத்த வாரமும் உறுத்தியது. ஏன் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ‘வேலை வேற, பழக்கம் வேற’ என்பதை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு கார்ட்டூன். அந்தக் கார்ட்டூனை எனக்கு விளக்கியவர் என் அப்பா.

மில் சங்கு

அப்பா ஸ்பின்னிங் மில்லில் இருந்தார். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிடச் சங்குக்குத்தான் மதிப்பு. முதல் சங்குக்கு அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், அடுத்த சங்குக்கு அப்பா சைக்கிளை எடுப்பார். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரம் மாறினால் வீட்டின் சமையல், தூக்கம், பேசும் குரலின் அளவு எல்லாமே மாறும். கேட்டைத் தாண்டியதும் டைம் ஆபீஸ். சுவரில் ஒரு கடிகாரம், பக்கத்தில் கார்டுகள் செருகிய மரச்சட்டம். தன் கார்டை உருவி, கடிகாரத்தின் வாயில் விட்டு, ‘டக்’ என்ற சத்தம் கேட்டால்தான் அன்றைய கூலி நிச்சயம். ஒரு முறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். கார்டில் பதிந்த ஊதா எண்களை ஒரு கடிதத்தைப் படிப்பது மாதிரி எனக்குப் படித்துக் காட்டினார்.

1995இல் இந்தியாவுக்குக் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. கொஞ்ச நாளில் எங்கள் தெருக் கேபிளிலும் தெரிந்தது. பகல் முழுக்கக் கார்ட்டூன், ராத்திரியானால் அதே சேனலில் பழைய ஆங்கிலப் படங்கள். அப்பாவுக்கு இரண்டிலும் ஆர்வமில்லை. பூனையை எலி அடிப்பதில் என்ன இருக்கிறது என்று பேப்பரை விரித்துக்கொள்வார். பகல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த ஒரு சாயங்காலம் மட்டும் பேப்பரைக் கீழே வைத்தார்.

பச்சைப் புல்வெளி, காலை வெளிச்சம். ஒரு பக்கமிருந்து ஒரு நாய் வருகிறது. பெரிய உடம்பு, கண்ணை மறைக்கும் செம்பட்டை முடி, கையில் சாப்பாட்டுப் பெட்டி. மறுபக்கமிருந்து ஓர் ஓநாய், அதன் கையிலும் சாப்பாட்டுப் பெட்டி. நடுவில் மரம், மரத்தில் ஒரு கடிகாரம். “மார்னிங், ரால்ஃப்.” “மார்னிங், சாம்.” இருவரும் கார்டை எடுத்துக் குத்துகிறார்கள். சங்கு ஊதுகிறது. அந்த நொடியிலிருந்து ஓநாய் ஆட்டைத் திருட வேண்டும், நாய் அதைப் பிடித்து உதைக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான் நடக்கிறது. பாறை விழுகிறது, வெடி வெடிக்கிறது, ஓநாய் பள்ளத்தில் போய்ச் சேர்கிறது. மறுபடி சங்கு. இருவரும் கார்டைக் குத்திவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகிறார்கள்.

அப்பா சிரித்தார். அவர் தொடையில் தட்டிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. “கார்டு குத்தறான் பாரு கண்ணு! நம்ம டைம் ஆபீசேதான்!” சமையலறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வருவதற்குள் படம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் படம் வந்தால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். எப்போதாவதுதான் வரும். மொத்தமே ஏழு படங்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தப் படத்துக்கு அது தேவையும் இல்லை. வேலை நேரத்தில் இருவரும் பெரும்பாலும் பேசுவதில்லை. பேச்செல்லாம் கடிகாரத்தடியில்தான்.

அப்பாவின் டிபார்ட்மெண்டில் ஒரு மேஸ்திரி இருந்தார். நூல் அறுந்தால் கத்துவார், இரண்டு முறை அப்பாவுக்கு மெமோ எழுதிக் கொடுத்தார். அப்பாவும் விடமாட்டார், சங்கத்து ஆபீசுக்குப் போய் அவர்மேல் புகார் எழுதுவார். அதே மேஸ்திரி அக்காவின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தார். நான் அப்பாவிடம் கேட்டேன், அவரோடு எப்படிச் சிரித்துப் பேச முடிகிறது என்று. “மில்லுக்குள்ள அவன் மேஸ்திரி. கேட்டுக்கு வெளிய நம்மாளு. அந்த நாயும் ஓநாயும் பாத்தீல்ல?” என்றார். பதிமூன்று வயதில் அதைவிட அழகான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. வேலைக்கு வந்த பிறகு அதுதான் என்னைக் காப்பாற்றியது. தீர்ப்பாயத்தில் வாங்கிய வசவைத் தீர்ப்பாயத்திலேயே விட்டுவிட்டு வர முடிந்தது. எதிர் வக்கீலைப் பகையாளி என்று நினைக்காமல் இருக்க முடிந்தது. முதல் நாளில் இருந்தே அந்த வளாகத்துக்குள் நுழையும்போது மனதுக்குள் ஒரு கார்டைக் குத்தியிருக்கிறேன்.

மூக்கு நிறம்

இந்தப் படங்களை உருவாக்கியவர் சக் ஜோன்ஸ். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் பிரிவில் பெரும்பாலானவற்றுக்கு மைக்கேல் மால்டீஸ் கதை எழுத, மெல் பிளாங்க் குரல் கொடுக்க, 1953 முதல் 1963 வரை ஏழு படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஆறேழு நிமிடம். ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் கயோட்டியைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஓநாயையும் தெரிந்த மாதிரி இருக்கும். ஜோன்ஸ் வரைந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே உருவம், கயோட்டியின் மூக்கு கறுப்பு, ஓநாயின் மூக்கு சிவப்பு. உருவத்தில் உள்ள வித்தியாசம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பிழைப்பும் வேறு வேறு.

கயோட்டி தனக்காகத் துரத்துகிறது. அதற்குச் சங்கு கிடையாது, சாப்பாட்டு நேரம் கிடையாது, வீடு கிடையாது. பள்ளத்தில் விழுந்து தூசு கிளம்பிய அடுத்த காட்சியில் மறுபடி ஏதோ ஒரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும். ஆசைக்கு நேரம் முடிவதில்லை. ஓநாய் ரால்ஃப் வாங்கும் அடியும் அதே அளவுதான், ஒரு முறைகூட ஜெயிப்பதில்லை என்பதும் அதேதான். ஆனால் ஐந்து மணிக்கு அது கார்டைக் குத்திவிட்டு நிம்மதியாக நடந்து போகிறது. தோல்வி அதன் கணக்கில் எழுதப்படுவதில்லை, வேலையின் கணக்கில் போய்விடுகிறது. இதை வரையக் கோடு ஒன்றும் அதிகம் தேவைப்படவில்லை, ஒரு கடிகாரம் போதுமாக இருந்தது. சிரிப்புப் படத்தில் இவ்வளவு ஆறுதலான ஒரு யோசனையை வைத்ததற்காகவே ஜோன்ஸ்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நாயை வரைந்த விதமும் அப்படித்தான். சாம் ஓடுவதில்லை. மலை விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, கண் தெரிகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஓநாய் தலைதெறிக்க ஓடி, சுரங்கம் தோண்டி, வேடம் போட்டு ஓர் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், ஆட்டுத் தோலுக்குள் சாம் இருக்கும். எப்படி வந்தது என்று காட்டமாட்டார்கள். காட்டாமல் விட்டதால்தான் அந்த நாய்க்கு அவ்வளவு கனம் வந்தது. இருபது வருடம் அனுபவமுள்ள நீதிமன்ற ஊழியர்களிடம் இதைப் பார்க்கிறேன். அவர்கள் எதற்கும் அவசரப்படுவதில்லை, ஆனால் எந்த ஃபைலும் அவர்களைத் தாண்டிப் போவதில்லை.

படத்தை வரைந்தவர்களும் கூலிக்கு வேலை பார்த்தவர்கள்தான். 1941இல் அந்த ஸ்டுடியோவின் ஆட்கள் சங்கம் சேர்ந்தபோது, முதலாளி லியோன் ஷ்லெசிங்கர் ஆறு நாள் கேட்டைப் பூட்டிவைத்தார். பிறகு சங்கத்தோடு கையெழுத்துப் போட்டார். ஜோன்ஸ் அதில் சங்கத்துப் பக்கம் நின்றவர். அமெரிக்காவில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்ற சட்ட அளவு நடைமுறைக்கு வந்ததே 1940இல்தான். அப்படிப் பார்த்தால் 1953இல் புல்வெளியில் ஊதிய அந்தச் சங்கு, பதிமூன்று வருடம் முன்னால் சண்டை போட்டு வாங்கிய ஒரு பொருள். கார்டு குத்தும் கடிகாரத்தின் வரலாறு இன்னும் பழையது. 1888இல் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரில் நகைக்கடை வைத்திருந்த வில்லார்ட் பண்டி என்பவர் அதைச் செய்தார். முதலில் கார்டு இல்லை, ஆளுக்கு ஒரு சாவி. அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து சேர்ந்து கடைசியில் 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, அந்த ஊதா எண்களுக்கு இப்படி ஒரு பூர்வீகம் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம்.

ஒரே கடிகாரம்

அந்த அம்மா கேட்ட பிறகு, ஏழு படங்களையும் தேடி எடுத்து இரண்டு ராத்திரியில் பார்த்தேன். சிறுமியாக இருந்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தவை, இப்போதுதான் வரிசையாகப் பார்த்தேன். முதல் படத்தில் நாயின் பெயர்தான் ரால்ஃப், பெயர்கள் பிறகுதான் இடம் மாறி நிலைத்தன என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அந்த முதல் படத்திலேயே ஓநாய் கடிகாரத்தில் கைவைக்கிறது. முள்ளைத் திருப்பிவைத்து, நாயைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு ஆட்டைத் தூக்கப் பார்க்கிறது. பலிக்கவில்லை. ஆனால் ஓநாய்க்கும் அந்தக் கடிகாரத்தில்தான் நம்பிக்கை என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

1962இல் வந்த படத்தில், அடி விழப்போகும் நேரத்தில் சாப்பாட்டுச் சங்கு ஊதும். ஓங்கிய கை அப்படியே நின்றுவிடும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள். அடுத்த சங்குக்கு எழுந்து, விட்ட இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டு, பாக்கி அடியைத் தொடர்வார்கள். உலகத்திலேயே எனக்குப் பிடித்த நகைச்சுவைக் காட்சி இதுதான் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்தபோது கொள்ளு ரசமும் வேப்பமரமும் நினைவுக்கு வந்தன. கூடவே தூணில் சாய்ந்து நின்ற உருவமும் வந்தது. படத்தை நிறுத்திவிட்டேன்.

ஆடுகளைத் தேடினேன். படத்துக்குப் படம் ஆடுகள் இருக்கின்றன. வெள்ளை வெள்ளையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று, மேய்ந்துகொண்டே இருக்கின்றன. நாய்க்குப் பெயர் உண்டு, ஓநாய்க்குப் பெயர் உண்டு, ராத்திரி ஷிப்டுக்கு வரும் ஆளுக்குக்கூடப் பெயர் உண்டு. ஆட்டுக்குப் பெயர் இல்லை. மரத்தடிக் கடிகாரத்தின் பக்கத்தில் அதற்குக் கார்டு இல்லை. பகல் ஷிப்டில் தூக்கப்பட்ட ஆட்டை ராத்திரி ஷிப்டில் இன்னோர் ஓநாய் தூக்கலாம். சங்கு ஊதினால் வேலை நின்றுபோவது வேலைக்காரர்களுக்குத்தான். ஆடு இருபத்துநாலு மணி நேரமும் ஆடுதான்.

அப்புறம் இன்னொன்று. ஓநாய்க்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? ஏழு படத்திலும் இதற்குப் பதில் கிடையாது. நாய்க்குச் சம்பளம் கொடுப்பவர் ஆட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் குத்துவது ஒரே கடிகாரத்தில். மில்லில் வளர்ந்த எனக்கு இதற்கு அர்த்தம் தெரியாமல் போகாது. ஒரே கடிகாரம் என்றால் ஒரே டைம் ஆபீஸ், ஒரே சம்பளப் பட்டியல். காக்க ஓர் ஆள், திருட ஓர் ஆள், இருவருக்கும் சேர்த்து ஒரு மந்தை. அந்த மந்தையில் இருந்துதான் இரண்டு கூலியும் வந்தாக வேண்டும். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுங்களா” என்று அந்த அம்மா கேட்டது இதைத்தான். என் பதிலில் நான் சொன்னது பழக்கத்தைப் பற்றி. அவர் கேட்டது பிழைப்பைப் பற்றி.

அன்று காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இறந்தது அவருடைய ஒரே மகன். 27 வயது, கல்யாணம் ஆகவில்லை, லேத் பட்டறையில் வேலை. கையில் ரசீது இல்லாத வருமானம் என்பதால் மாதம் எவ்வளவு என்பதில்தான் எங்கள் சண்டை. வக்கீல் 20,000 என்றார், நான் 15,000 என்றேன். கேட்பவர்களுக்கு ஐயாயிரம் சின்ன வித்தியாசமாகத் தெரியும். எதிர்காலத்தில் சம்பாத்தியம் ஏறியிருக்கும் என்று 40 சதவீதம் கூட்ட வேண்டும். கல்யாணமாகாதவர் என்றால் தன் சொந்தச் செலவுக்கென்று பாதியைக் கழிக்க வேண்டும். மீதியை 12 மாதத்தால் பெருக்கி, 27 வயதுக்குரிய 17 என்ற எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும். 15,000 என்றால் 21,42,000 ரூபாய், 20,000 என்றால் 28,56,000. நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டது நடுவில் இருந்த 7,14,000 ரூபாய்க்கு. இந்தக் கணக்கை நானும் அவரும் பேப்பர் இல்லாமலே போடுவோம்.

நான் கால்குலேட்டரைக் காட்டி, “பாதி அவருக்கே செலவாகியிருக்கும்னு கழிக்கணும்” என்று சொன்னபோது அந்த அம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார். “எம் பையன் தனக்குன்னு ஒரு சட்டை எடுக்க மாட்டானுங்க. சம்பளத்தை அப்படியே எங்கையில குடுத்துருவானுங்க.” நானும் வக்கீலும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் சொன்னோம்: “அது சட்டம்ங்கம்மா.”

ஒரே நேரத்தில் சொன்னோம் என்பது அன்றைக்கு எனக்குப் படவே இல்லை. காலை முழுக்க நாங்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். சொன்னதில் பொய்யும் இல்லை. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்துக் கொடுத்த வழி அது. ஆளுக்கு ஆள் கண்டபடி தீர்ப்பு வராமல் இருக்க அப்படி ஓர் அளவு வேண்டியிருக்கிறது, அதனால் நல்லதே அதிகம் நடந்திருக்கிறது. ஆனால் அவருடைய இடத்தில் இருந்து பார்த்தால்? காலையில் இருந்து எதிரிகள் மாதிரிக் கத்திக்கொண்டிருந்த இரண்டு பேர், தன் மகனைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னதும், திரும்பி ஒரே வார்த்தையால் தன்னை உட்கார வைக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அவர் ரசத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டதாகத்தான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சந்தேகம் காலையிலேயே வந்திருக்கும். மத்தியானம் அது உறுதியானது, அவ்வளவுதான்.

வக்கீலோடு சாப்பிட்டது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். இதில் எனக்குக் குழப்பம் இல்லை. அந்த மனிதர் என்னிடம் பொய்க் கணக்கு சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும், என் அதிகார வரம்பு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டு வந்து நாற்பது நிமிடத்தில் வழக்கை முடித்தோம். லோக் அதாலத்தில் முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, பணம் கைக்கு வந்துவிடும். நாங்கள் பகையாளிகளாக இருந்திருந்தால் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று அந்த அம்மா இன்னும் வருடக்கணக்கில் பஸ் ஏறிக்கொண்டிருப்பார். அப்பாவும் மேஸ்திரியும் கேட்டுக்கு வெளியே நண்பர்களாக இருந்ததில் எத்தனையோ சண்டை சண்டையாக முற்றாமல் போயிருக்கிறது. படம் சொல்வது உண்மைதான். அது சொல்லாமல் விட்டதும் உண்மை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

1957இல் வந்த படத்தின் கடைசியில், நாள் முழுக்க அடிவாங்கி நொந்துபோன ஓநாயிடம் நாய் பரிவாகப் பேசும். ரொம்ப உழைக்கிறாய், நாளைக்கு லீவு எடுத்துக்கொள், இரண்டு வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும். முன்பெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. இப்போது பார்த்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. காவல் நாய்க்குத் திருடவும் தெரியும், தேவைப்பட்டால் இரண்டையும் ஒருவரே செய்துவிடலாம். நான் ஒரு நாள் லீவு போட்டால், பாதியைக் கழிக்க வேண்டும் என்று அந்த வக்கீலே அந்த அம்மாவுக்குச் சொல்லியிருப்பார். சரியாகவே சொல்லியிருப்பார்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். மில் மூடிப் பல வருடமாகிறது, அந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட் நிற்கிறது. ஆனாலும் முதல் சங்கு நேரத்துக்கு எழுந்துவிடுவார். நாய், ஓநாய் கார்ட்டூன் ஞாபகம் இருக்கிறதா என்றேன். “கார்டு குத்துமே!” என்றார் உடனே. ஆட்டுக்கு ஏன் கார்டு இல்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “ஆடு சரக்கு கண்ணு. நம்ம மில்லுல பஞ்சு மாதிரி. சரக்குக்கு எதுக்குக் கார்டு?” அவர் சொன்னதில் ஒரு மில் தொழிலாளியின் பார்வைக்குத் தப்பே இல்லை. பஞ்சு டைம் ஆபீசுக்கு வெளியே நின்று யாரையும் பார்ப்பதில்லை. மில்லில் வேலை செய்வதற்கும் நான் செய்யும் வேலைக்கும் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு பதிலில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே பாடத்தை இரண்டு இடத்திலும் அப்படியே பயன்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கும்போது அந்த அம்மாவின் கை நடுங்கியது. வக்கீல் ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். அப்போதுதான், காலையில் ஐந்து மணிக்கு வீட்டில் குடித்த காபியோடு இருக்கிறார் என்று தெரிந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். “நாம அந்தப் பக்கம் போயி, இந்தப் பக்கம் பேரைக் கூப்பிட்டுட்டாங்கன்னா என்னங்க பண்றது?” ஒரு மணியில் இருந்து இரண்டு மணி வரை யார் பெயரையும் கூப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியும், வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. தூணில் சாய்ந்து நின்று அவர் எங்களை வேவு பார்க்கவில்லை, பெயர் கூப்பிடுவார்களா என்று காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த லோக் அதாலத்துக்கு முன்னால் அதே வக்கீலிடம் இதைப் பேசினேன். சொல்லி முடிக்கும் முன்னாலேயே புரிந்துகொண்டார். ஒரு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பெஞ்ச் கிளார்க்கிடம் மத்தியான வரிசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பேரும் வராந்தாவுக்குப் போனோம். எங்கள் வழக்குக்காரர்கள் ஒன்பது குடும்பம். ஒவ்வொருவரிடமும் போய், “ஒரு மணியில இருந்து ரெண்டு வரைக்கும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. சாப்பாட்டு நேரம்ங்க. உங்களுக்கும்தான். ரெண்டு மணிக்கு மேல இத்தனாவது நம்பர் உங்களுது” என்று சொன்னோம். வயதான ஒரு தம்பதி, கணவர் கையில் மஞ்சள் பை. நம்பாமல் என்னையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “நெசமாலுமே போயிட்டு வரலாமுங்களா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். வாசலுக்கு இடப்பக்கம் ஒரு மெஸ் இருக்கிறது என்று கைகாட்டினேன்.

அன்றும் நாங்கள் வேப்பமரத்தடியில்தான் சாப்பிட்டோம். இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர்கள் இருவரும் கேட்டுக்குள் வந்தார்கள். வெற்றிலை போட்டிருந்தார்கள். பெரியவர் எங்கள் பெஞ்சைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று, வராந்தாச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இருந்தது. பக்கத்துப் பெஞ்சில் துண்டை விரித்து, மனைவியை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.